அந்த மரத்துக்குக் கவாத்து செய்தது யார்?

(சற்று நீண்ட பதிவு. நகர வரலாற்றிலும் உழைப்பின் வரலாற்றிலும் ஈடுபாடுள்ள மாணவர்களும் ஆசிரியர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன்.)

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற தோட்டக்காரர் ஒருவர் வசிக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. பெங்களூரின் பல பங்களாத் தோட்டங்களிலும் பொதுப் பூங்காக்களிலும் வேலை பார்த்தவர். சென்ற கார்த்திகை மாதத்தில் ஜப்பானில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை வாசித்துத் திரும்பியதும், அங்கு எடுத்த படங்களை அவரிடம் காட்டினேன். மலையுச்சியில் கோட்டை, அடிவாரத்தில் குளம், குளக்கரையில் தட்டுத் தட்டாகக் கிளை விரித்த பைன் மரங்கள். ஒரு படத்தில் மட்டும் அவர் நெடுநேரம் நின்றார். கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய் மரத்தின் கிளைக் கணுக்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இந்த மரத்துக்குக் கவாத்து பண்ணது யாரு தம்பி?”

நான் ஆய்வாளனுக்குரிய மிடுக்குடன் விடை சொன்னேன்: “ஈ நவோகின்னு ஒரு பிரபு. ஆயிரத்து அறுநூத்து எழுபத்தேழுல இந்தத் தோட்டத்தை அமைச்சவர்.”

“அவரா மரத்து மேல ஏறினாரு?”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். யார் செய்தார், எந்த மாதத்தில் செய்தார், எந்தக் கத்தியால் செய்தார் என்பதே அவருக்கு அந்தப் படத்தில் இருந்த செய்தி. என்னிடம் அதற்கு விடை இல்லை. காலனியக் காலத் தாவரத் தோட்டங்களைப் பற்றி நான்கு ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் ஒருவனிடம் இந்தக் கேள்விக்கு விடை இல்லை என்பதுதான் இப்பதிவை எழுதத் தூண்டியது.

முதலில் அந்தப் பூங்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கியோத்தோவிலிருந்து ரயிலில் ஒரு மணிநேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய, பிவா ஏரிக்கரையில் அமைந்த சிறு நகரம் ஹிக்கோனே. நகரின் நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு குன்று. அதன் உச்சியில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈ குலத்தினர் கட்டிய கோட்டை. மெய்ஜி ஆட்சி தொடங்கியபின் ஜப்பானின் கோட்டைகள் பல இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றிலும் சில போரில் அழிந்தன. இன்று நாம் காணும் ஜப்பானியக் கோட்டைகளுள் கணிசமானவை கான்கிரீட்டில் மீண்டும் எழுப்பப்பட்டவை. ஹிக்கோனே அப்படியன்று. அதன் மரக் கோபுரம் பழைய கோபுரமே. தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட ஐந்து கோட்டைக் கோபுரங்களுள் ஒன்று. குன்றின் வடகிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது கென்க்யூ-என் என்னும் பூங்கா. நான்காம் பிரபுவான ஈ நவோகி 1677இல் இதன் பணியைத் தொடங்கினார். குளம், குளத்துக்குள் தீவுகள், தீவுகளை இணைக்கும் பாலங்கள், மேட்டின் மீது ஒரு தேநீர்க் கூடம். ஓமி நாட்டின் புகழ்பெற்ற எட்டுக் காட்சிகளைத் தழுவி அமைக்கப்பட்டது என்பர்.

இந்தப் பூங்காவின் நுட்பம், அது மலையை இரவல் வாங்கிக்கொள்வதில் இருக்கிறது. எல்லைக்கு வெளியே உள்ள மலையையோ கோபுரத்தையோ தோட்டத்தின் காட்சிக்குள் சேர்த்துக்கொள்வதை ஜப்பானியர் ‘ஷக்கெய்’ என்கிறார்கள்; இரவல் காட்சி என்று தமிழில் சொல்லலாம். குளத்தின் ஒரு கரையில் நின்றால், முன்னால் நீர், நடுவில் பைன் மரங்கள், அவற்றுக்கு மேலே வெண்சுவர்க் கோபுரம். ஆட்சியாளரின் கண் மலையுச்சியிலிருந்து நாட்டைப் பார்த்தது. அடிவாரத்துத் தோட்டமோ அந்த ஆட்சியையே ஒரு காட்சிப் பொருளாக்கி விருந்தினருக்குக் காட்டியது. நான் கருத்தரங்கில் பேசியதும் ஏறக்குறைய இதைத்தான். அதிகாரமும் நிலக்காட்சியும், இடமும் குறியீடும் என்று. கைதட்டினார்கள்.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அந்தப் படத்தை எடுத்த காலையில், குளக்கரைப் பைன் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். கையில் சிறு கத்தரி. கிளை நுனியில் முற்றிய ஊசியிலைகளை விரலால் உருவி எடுத்துக் கீழே விரித்த துணியில் போட்டுக்கொண்டிருந்தார். காட்சிக்கு இடையூறாக இருக்கிறாரே என்று நான் இருபது நிமிடங்கள் காத்திருந்தேன். அவர் இறங்கி ஏணியை அடுத்த மரத்துக்கு எடுத்துச் சென்ற பிறகே படம் எடுத்தேன். ஜோகுபாளையத்துப் பெரியவர் கேட்ட கேள்வியின் விடை இருபது நிமிடங்கள் என் கண்முன் நின்றிருக்கிறது. அது விலகுவதற்காகத்தான் நான் காத்திருந்தேன்.

ஜப்பானியத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். இடைக்காலக் கியோத்தோவில் கல் பெயர்ப்பதும் மண் வெட்டுவதும் மரம் நடுவதும் ‘கவரமோனோ’ எனப்பட்டவர்களின் வேலை. ஆற்றங்கரை மக்கள் என்பது அச்சொல்லின் பொருள். வரி விதிக்கப்படாத ஆற்றுப்படுகையில் வாழ்ந்து, இறந்த விலங்குகளைக் கையாள்வது, தோல் பதனிடுவது போன்ற வேலைகளைச் செய்ததால் தீட்டுக்குரியவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள். தீட்டுக்கு அஞ்சியவர்கள் மண்ணையும் கல்லையும் தொடும் வேலையை அவர்களிடம் விட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொட்டதால் அவர்களே அக்கலையின் வல்லுநர்களானார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவின் நன்மதிப்பைப் பெற்ற ஸென்அமி இவர்களுள் ஒருவர். அவர் நோயுற்றபோது ஷோகனே மருந்து அனுப்பியதாகக் குறிப்பு உண்டு. அவருடைய பேரன் மத்தாஷிரோவும் தோட்டக் கலைஞரே. தாம் பிறந்த குலத்தை எண்ணி வருந்துவதாகவும், அதனால் உயிர்க்கொலை செய்வதில்லை, பொருளாசை கொள்வதில்லை என்று உறுதி பூண்டிருப்பதாகவும் அவர் ஒரு பௌத்தத் துறவியிடம் சொன்னது, 1489ஆம் ஆண்டின் நாட்குறிப்பு ஒன்றில் பதிவாகியிருக்கிறது. உலகெங்குமிருந்து மக்கள் சென்று மௌனமாக அமர்ந்து பார்க்கும் ரியோஆன்-ஜி கல் தோட்டத்தில், ஒரு கல்லின் பின்புறம் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கொதாரோ, மற்றது தேய்ந்துவிட்டதால் பலவாறு படிக்கப்படுகிறது. அவை தோட்டத்தை அமைத்த கவரமோனோக்களின் பெயர்களாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. பார்வையாளர் அமரும் பக்கத்திலிருந்து அந்த எழுத்துகள் தெரியா.

நம் சமூகத்தைச் சேர்ந்த எவருக்கும் இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் தொட்டு உருவாக்கியதை, தீட்டில்லாதவர்கள் தூரத்திலிருந்து அழகு என்று ரசிக்கிறார்கள். இதை ஜப்பானில் கண்டு வியந்த நான், என் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தோட்டத்தை எப்படி எழுதியிருக்கிறேன் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஹிக்கோனேவுக்கு நிகராக நம் ஊரில் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமானால், அது லால்பாக்தான். இங்கும் ஓர் உயரம் உண்டு. லால்பாக்கின் பாறை தீபகற்ப நைஸ் என்னும் வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை உடையது. இந்திய நிலவியல் ஆய்வகம் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. அதன் உச்சியில் கெம்பேகவுடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் நிற்கிறது. அத்தகைய கோபுரங்கள் நான்கு. எங்கள் பகுதிக்கு அருகே அல்சூர் ஏரியை ஒட்டிய பாறையில், ராணுவ வளாகத்துக்குள் நிற்பதும் அவற்றுள் ஒன்றே. நகரின் எல்லையைக் குறித்தவை என்று வழிவழியாகச் சொல்லப்படும் அந்தக் கோபுரங்களைத் தாண்டி நகரம் எங்கோ போய்விட்டது. ஹிக்கோனேயின் கோட்டைக்கு முன் லால்பாக் கோபுரம் மிகச் சிறியதுதான். ஆனாலும் பார்வையாளரின் நடத்தை ஒன்றே: பாறையில் ஏறுகிறோம், கோபுரத்தருகே படம் எடுக்கிறோம், இறங்கித் தோட்டத்தைச் சுற்றுகிறோம், வெளியேறுகிறோம்.

அடிவாரத் தோட்டத்தின் வரலாறாக நாம் சொல்வதும் ஒரு பெயர் வரிசையே. 1760இல் ஹைதர் அலி தொடங்கினார். திப்பு சுல்தான் பல நாடுகளிலிருந்து விதைகளும் செடிகளும் வரவழைத்து விரிவாக்கினார். 1799க்குப் பின் கம்பெனி அதிகாரிகளின் கைக்கு மாறியது. 1856இல் அரசுத் தாவரத் தோட்டமானது. 1874 முதல் ஜான் காமரூன் பொறுப்பு வகித்தார்; கண்ணாடி மாளிகைக்கு 1889இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். 1908இல் ஜெர்மானியரான க்ரும்பீகல் வந்தார். அவருக்குப் பின் ஜவராயா, பிறகு மரிகவுடா. இவர்களின் பங்களிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆண்டின் ஒவ்வொரு பருவத்திலும் ஏதேனும் ஒரு சாலை பூத்திருக்கும்படி பெங்களூரின் மரங்களைத் தேர்ந்தவர் க்ரும்பீகல். அவர் பெயரில் லால்பாக்கை ஒட்டி ஒரு சாலை இருப்பது நியாயமே. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பெங்களூர்க் கத்தரிக்காய் என்ற பெயரோடு புழங்கும் சௌசௌ இப்பகுதியில் பரவியதில் காமரூனுக்குப் பங்குண்டு என்பார்கள். கூட்டு வைக்கும்போதெல்லாம் அவரை நன்றியுடன் நினைக்கலாம்.

என் கேள்வி வேறு. இந்த வரிசையில் மண்வெட்டி பிடித்த கை ஒன்றுகூட இல்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் லால்பாக்கைப் பற்றியது. அறுபத்திரண்டு பக்கங்கள். அதில் தோட்டக்காரர்களைப் பற்றி நான் எழுதியிருந்தது ஒரு வாக்கியம். அதுவும் செயப்பாட்டு வினையில்: “செடிகள் நடப்பட்டன, பராமரிக்கப்பட்டன.” யாரால் என்பதைச் சொல்லாமல் தப்பிக்க இலக்கணம் தந்த வசதியை நான் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

யாரால் என்பதற்கு ஒரு விடை இந்த நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பெங்களூரின் பரம்பரைத் தோட்டக்காரர்கள் திகளர் எனப்படும் சமூகத்தினர். தமிழரைக் குறிக்கக் கன்னடத்தில் வழங்கிய பழஞ்சொல்லோடு தொடர்புடையது அப்பெயர். தமிழ்ப் பள்ளியருக்கு, அதாவது இன்று வன்னியர் எனப்படுவோருக்கு, கன்னடர் வழங்கும் பெயர் அது என்ற பொருளில் 1901ஆம் ஆண்டு மதராஸ் குடிக்கணக்கு அறிக்கை விளக்கியது. 1909இல் தர்ஸ்டன் அதை எடுத்தாண்டார். லால்பாக்கை உருவாக்க ஹைதர் அலி தமிழ் நாட்டிலிருந்து அவர்களை அழைத்து வந்தார் என்பது ஒரு மரபு. அதற்கு நெடுநாள் முன்பே அவர்கள் இங்கு ஏரி நீரைக் கொண்டு தோட்டம் செய்து வாழ்ந்தார்கள் என்பது இன்னொரு மரபு. இரண்டில் எது சரி என்பதை முடிவு செய்யும் நிலையில் நான் இல்லை. கீரையும் காய்கறியும் பழமும் பூவும் விளைவித்து இந்த நகரத்தை ஊட்டியவர்களுள் முதன்மையானவர்கள் அவர்கள் என்பதில் இரு மரபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அவர்கள் தங்கள் வரலாற்றைப் புத்தகத்தில் எழுதவில்லை. ஆண்டுதோறும் நடந்து காட்டுகிறார்கள். சித்திரைப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகத்தைத்தான் சொல்கிறேன். பெண்ணுடை அணிந்த பூசாரி மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தி, கையால் தொடாமல், பழைய நகரத்தின் தெருக்களில் விடிய விடிய நடக்கிறார். வாளேந்திய வீரகுமாரர்கள் உடன் வருகிறார்கள். தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் செல்கிறது. இவ்விழாவை ஆராய்ந்து 2001இல் நூல் எழுதிய ஸ்மிருதி ஸ்ரீனிவாஸ், மறைந்துபோன ஏரிகள், தோட்டங்களின் நினைவு இந்தச் சடங்கில் தங்கியிருப்பதைக் காட்டினார். சம்பங்கி ஏரி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். கரகச் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் பேருந்துகள் நிற்கின்றன. நீர் போனபின் தோட்டம் போயிற்று. தோட்டம் போனபின்னும் தோட்டக்காரர்கள் நீரைத் தேடி நடக்கிறார்கள்.

கரகத்தின் தெய்வம் திரௌபதி. திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபைட்டெல் 1988இல் வெளியிட்ட நூலில் அவ்வழிபாட்டின் மையப் பகுதியாகச் செஞ்சியைக் காட்டினார். செஞ்சிக் கோட்டைக்கு அருகிலுள்ள மேலச்சேரித் திரௌபதி கோயிலுக்கு அதில் முதன்மையான இடம் உண்டு. ஆக, ஒரு கோட்டை மலையின் அடிவாரத்தில் வேர்கொண்ட வழிபாட்டைத் தம்முடையதாகக் கொண்ட ஒரு சமூகம், இன்னொரு பாறையின் அடிவாரத்தில் தோட்டம் வளர்த்திருக்கிறது. உச்சிகளின் வரலாறு மன்னர்களோடு மாறிக்கொண்டே இருந்தது. அடிவாரங்களின் வரலாறு இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்து சென்றிருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘லால்பாக்கை உருவாக்கியவர்கள் தமிழர்களே’ என்று தலைப்பிட்டு இப்பதிவைப் பகிர்ந்துவிடாதீர்கள். பெங்களூரில் மொழியின் பெயரால் நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்து 2009இல்தான் திறக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடவில்லை. ராணுவக் குடியிருப்பைத் தொடர்ந்து வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் எங்கள் பகுதியில் பலர். எங்களுக்கு ‘வந்தவர்கள்’ என்ற அடையாளம் பழகிப்போனது. திகளர் நிலை அதுவன்று. தெருக்கடைசிப் பெரியவரும் திகளரே. அவர் வீட்டில் பேசுவது கன்னடம் கலந்த தமிழா, தமிழ் கலந்த கன்னடமா என்று என்னால் பிரித்தறிய முடிந்ததில்லை. “நீங்க தமிழரா?” என்று ஒருமுறை கேட்டதற்கு, “நாங்க இந்த ஊரு” என்று முடித்துவிட்டார். அவருடைய பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைக் காட்டி அவரை எனக்குரியவர் ஆக்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஹைதர் அலியின் பெயரில் மறைந்துபோன தோட்டக்காரரை மீட்டெடுத்துத் தமிழ்ப் பெருமிதத்தின் பெயரில் மறுபடியும் மறைப்பதால் என்ன பயன்?

என் நண்பர்கள் இருவர் எழுப்பிய மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது: வடிவமைப்பு வேறு, உடலுழைப்பு வேறு, ஒரு கட்டடத்தின் வரலாற்றில் கட்டடக் கலைஞரைச் சொல்வோம், சித்தாளின் பெயரைச் சொல்வதில்லை. இந்த ஒப்புமை தோட்டத்துக்குப் பொருந்தாது என்பது என் வாதம். கட்டடம் கட்டி முடிக்கப்படுகிறது. தோட்டம் ஒருபோதும் முடிவதில்லை. கென்க்யூ-என்னின் பைன் மரங்களை மூன்று ஆண்டுகள் கவாத்து செய்யாமல் விட்டால் நவோகி கண்ட வடிவம் மங்கத் தொடங்கும். முப்பது ஆண்டுகள் விட்டால் அது காடு. ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு பருவத்திலும் எந்தக் கிளையை விடுவது, எதை எடுப்பது என்று யாரோ ஒருவர் ஏணிமேல் நின்று முடிவெடுத்துக்கொண்டே வந்ததால்தான் அது இன்றும் தோட்டமாக இருக்கிறது. அந்த முடிவுகளின் தொகுப்பே வடிவமைப்பு. அவ்வாறாயின் அதன் ஆசிரியர் ஒருவரல்லர். பன்னிரண்டு, பதின்மூன்று தலைமுறைத் தோட்டக்காரர்கள். பதியம் போடுவது, ஒட்டுக் கட்டுவது, வேரறுபடாமல் பெரிய மரத்தைப் பெயர்த்து நடுவது ஆகியவை வெறும் உடலுழைப்பு என்று நினைப்பவர்கள், ஒரு மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இரண்டாவது மறுப்பு: சான்று இல்லையே, பெயர் தெரியாதவர்களைப் பற்றி எப்படி எழுதுவது? இது கனமான மறுப்பு. காலனியத் தாவரத் தோட்டங்களின் அறிக்கைகளில் செடிகளுக்கு இலத்தீனில் இருசொற் பெயர் உண்டு. கொண்டுவந்தவர் பெயர் உண்டு. தோட்டக் கூலிகளுக்கோ மொத்தத் தொகை மட்டுமே. ஆனால் பெயர் பதியாமை இயற்கையின் விதியன்று, ஓர் அலுவலக வழக்கம். அதற்கு மாறான வழக்கம் நம்மிடமே இருந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்களும், அவர்கள் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருச்சிறகில் எத்தனையாவது வீட்டில் வசித்தார்கள் என்பதும் வெட்டப்பட்டன. பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் அங்கே இருக்கிறது. அது சமத்துவச் சமூகம் என்று நான் சொல்லவரவில்லை. கோயிலின் பங்குகளைக் கணக்கிட அந்தப் பட்டியல் தேவைப்பட்டது, அவ்வளவே. ஆயினும் யாருக்கு எவ்வளவு என்று எழுதும்போது பெயரோடு எழுதினார்கள். கல்லில் உளிகொண்டு எழுதியவர்களால் முடிந்தது, தாளில் மை கொண்டு எழுதியவர்களுக்கு முடியாமற்போனதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

மேலும், ஆவணம் மௌனமாக இருக்கும் இடத்தில் மனிதர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் பெரியவரிடம் சென்ற இரண்டு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசிவருகிறேன். எரு, செம்மண், மணல் மூன்றையும் எந்தச் செடிக்கு எந்த அளவில் கலப்பது. ரோஜாவுக்கு எப்போது கவாத்து, செம்பருத்திக்கு எப்போது. மலர்க் கண்காட்சி நாளில் பூத்து நிற்க வேண்டிய செடிக்கு எத்தனை வாரங்களுக்கு முன் மொட்டுக் கிள்ளுவது என்று அவர் சொல்வதை எழுதிக்கொள்கிறேன். ஆண்டுக்கு இருமுறை, குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாக் கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. இலட்சக்கணக்கானோர் காணும் அந்த நாட்களுக்குப் பின்னால் இத்தகைய கணக்குகள் எத்தனை தலைகளில் ஓடியிருக்கும்! அவர் பயன்படுத்தும் கலைச்சொற்களில் சில தமிழ், சில கன்னடம், சில உருது, சில ஆங்கிலத்தின் சிதைந்த வடிவங்கள். யார் யாரிடமிருந்து தொழில் கற்றார்கள் என்பது அந்தச் சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மொழியியல் மாணவர் ஒருவர் இதை எடுத்துச் செய்தால் நல்ல ஆய்வேடாகும்.

எனவே மாணவ நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். பூங்கா, அரண்மனை, ஏரி என எந்த இடத்தைப் பற்றி எழுதினாலும், அதைப் பராமரித்தவர்கள் யார் என்ற கேள்விக்கு ஒரு தனிப் பகுதி ஒதுக்குங்கள். விடை கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்பதையாவது எழுதுங்கள். ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும்போது கண்காணிப்பாளர்களின் கடிதங்களோடு நின்றுவிடாமல் கூலிப் பட்டியல், வருகைப் பதிவேடு, தண்டனைக் குறிப்பு, விடுப்பு விண்ணப்பம் ஆகியவற்றையும் கேட்டுப் பாருங்கள். பெயர்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். மூன்றாவதாக, ஓய்வுபெற்ற தோட்டக்காரர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அனுமதியோடு, அவர்கள் பெயரோடு பதிவு செய்யுங்கள். இந்தப் பதிவில் எங்கள் பெரியவரின் பெயர் இல்லாததைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும். சமூக ஊடகத்தில் தம் பெயர் வர வேண்டாம் என்றார். ஆய்வேட்டில் வரலாம் என்றார். இரண்டையும் மதிக்கிறேன்.

மூன்றாம் இயலைத் திரும்ப எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆறு மாதம் தாமதமாகும். நெறியாளரிடம் சொல்லிவிட்டேன், வரைவைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

சென்ற ஞாயிறன்று பெரியவர் மறுபடியும் அந்த ஹிக்கோனேப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இம்முறை நான் முந்திக்கொண்டு, ஏணி போட்டு ஒருவர் வேலை செய்துகொண்டிருந்ததையும், அவர் நகரும்வரை நான் காத்திருந்ததையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் படத்தைப் பெரிதாக்கி மரத்தடியைக் காட்டினார். வெட்டிய ஊசியிலைகளைச் சேர்த்த துணியின் ஒரு முனை, நான் கவனிக்காமல் படத்துக்குள் வந்திருந்தது.

“துணிய எடுக்காமப் போயிருக்காரு பாரு. வேலை இன்னும் முடியல,” என்றார்.

ஜோகுபாளையம், பெங்களூரு